வோல்ட்டும் ஆம்பியரும்: சென்னை மேற்குப் புறநகரில் மின்னளவுகளும் அவற்றின் தமிழ்ச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னழுத்தத்தை வோல்ட்டாலும் மின்னோட்டத்தை ஆம்பியராலும் அளக்கும் வழக்கம் 1881ஆம் ஆண்டுப் பாரிசு மாநாட்டில் உலக உடன்பாடாக உருப்பெற்றது. இவ்விரு அலகுகளும் தமிழ்ப் பேச்சிலும் பாடநூலிலும் தொழிற்கூடத்திலும் வெவ்வேறு வழிகளில் நுழைந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளைக் களமாகக் கொண்டு, அலகுகளின் வரையறை மாறிவந்த வரலாற்றையும், அவற்றின் பெயர்கள் தமிழ் எழுத்திலக்கணத்தோடு கொண்ட முரணையும், தொழில்வழக்குக்கும் கலைச்சொல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வோல்ட், ஆம்பியர், மின்னழுத்தம், மின்தடை, கலைச்சொல்லாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டை, அபாயப் பலகை

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சொற்பட்டியல்களையும் அவற்றைத் தொகுத்த குழுக்களையும் சுற்றியே அமைந்துள்ளன. 1916இல் சேலத்தில் இராசாசி முன்னின்று நடத்திய கலைச்சொல் சங்கம் முதல், 1954இல் முதல் தொகுதி வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் வரை அவ்வரலாறு நன்கு எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஒரு கலைச்சொல், தொகுப்பிலிருந்து வெளியேறித் தொழிலாளியின் வாயையும் இல்லத்தாரின் வாயையும் அடைந்ததா என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. மின்னளவுச் சொற்கள் இவ்வினாவுக்கு ஏற்றவை. ஏனெனில் மின்சாரம் பாடநூலின் வழியாக மட்டும் வந்ததன்று. கம்பத்தின் வழியாகவும் ஆலையின் வழியாகவும் தொடர்வண்டியின் வழியாகவும் அது வந்தது. ஒவ்வொரு வழியும் தன் சொல்லையும் உடன்கொண்டு வந்தது.

மேற்குப் புறநகரைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிசப் பாங்கிலான சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. முதல் விசயந்தா கவச ஊர்தி 1965இல் அங்கிருந்து வெளிவந்தது. அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பாடியில் டி.வி.எசு. குழும ஆலைகளும் உருவாயின. இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் வயலும் ஏரியுமாக இருந்த நிலப்பரப்பு, பன்னிரண்டு வோல்ட் மின்கலம் முதல் இருபத்தையாயிரம் வோல்ட் தொடர்வண்டிக் கம்பி வரை பல மின்னழுத்தங்கள் அருகருகே இயங்கும் களமாயிற்று.

வரையறையின் வரலாறு

இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1800இல் தம் மின்னடுக்கை அறிவித்தார். பிரெஞ்சுக்காரரான ஆந்திரே மாரி ஆம்பியர் 1820களில் மின்னோட்டங்களுக்கு இடையிலான விசையை ஆராய்ந்தார். இருவரும் தம் பெயரில் அலகு வரும் என்று எண்ணியிருக்க வழியில்லை. தந்திக் கம்பி கடலடியில் கண்டங்களை இணைக்கத் தொடங்கியபின், கம்பியின் பழுதைக் கரையிலிருந்தே கண்டறியப் பொதுவான அளவு தேவைப்பட்டது. அத்தேவையே அலகுகளைப் பிறப்பித்தது. பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் 1861இல் இதற்கெனக் குழு அமைத்தது. அறிஞர் பெயரை அலகுக்கு இடும் முன்மொழிவும் அதே ஆண்டில் எழுந்தது. ஆயினும் பெயர்கள் உடனே நிலைபெறவில்லை. 1881க்கு முன் மின்னோட்டத்தின் அலகு சிலரால் வெபர் என்றே வழங்கப்பட்டது. பாரிசு மாநாடுதான் அதனை ஆம்பியர் என மாற்றியது. பெயர்த் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

பெயர் வந்த பின்னும் வரையறை பலமுறை மாறியது. 1893ஆம் ஆண்டுச் சிகாகோ மாநாடு ஆம்பியரை வெள்ளியைக் கொண்டு வரையறுத்தது. வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மாறா மின்னோட்டமே ஓர் ஆம்பியர். 1908ஆம் ஆண்டு இலண்டன் மாநாடு இதனை உறுதிசெய்தது. வோல்ட்டுக்குச் செந்தரக் கலங்கள் சான்றாக நின்றன; வெசுட்டன் கலத்தின் மின்னியக்கு விசை 20 பாகை வெப்பநிலையில் 1.0183 வோல்ட் எனக் கொள்ளப்பட்டது. 1948 சனவரி முதல் நாள் இவ்வேதியியல் வரையறைகள் விலக்கப்பட்டு, ஒரு மீட்டர் இடைவெளியிலுள்ள இரு நீள்கம்பிகளுக்கு இடையே மீட்டருக்கு ஒரு கோடியில் இரண்டு பங்கு நியூட்டன் விசையைத் தோற்றுவிக்கும் மின்னோட்டம் ஆம்பியர் ஆயிற்று. பழைய பன்னாட்டு வோல்ட் புதிய வோல்ட்டில் 1.00034 எனக் கணக்கிடப்பட்டது. 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு மாறா மதிப்பை வைத்து அதிலிருந்து ஆம்பியர் பெறப்படுகிறது. 1990 முதல் வழக்கிலிருந்த வோல்ட்டோடு ஒப்பிட, இம்மாற்றத்தின் அளவு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. அம்பத்தூரில் எந்தத் தொழிற்கூடத்தின் அளவியும் அதனை உணராது.

இந்தியாவில் 1976ஆம் ஆண்டு எடை அளவுச் செந்தரச் சட்டமும், அதற்குப் பின்வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை அளவியல் சட்டமும் ஆம்பியரை மின்னோட்டத்தின் அடிப்படை அலகாக ஏற்றுள்ளன. 1950இல் திறக்கப்பட்ட புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் நாட்டின் செந்தரத்தைக் காக்கிறது. ஆய்வகத்திலிருந்து ஏற்புபெற்ற அளவுத்திருத்தக் கூடங்களுக்கும், அங்கிருந்து ஆலையின் அளவிக்கும் என அலகு படிப்படியாக இறங்கிவருகிறது.

முலாம் தொட்டியில் எஞ்சிய பழைய ஆம்பியர்

1948இல் சட்டத்திலிருந்து நீங்கிய வெள்ளி வரையறை, உலகத் தொழிற்கூடங்களில் இன்றும் நடைமுறையில் உள்ளது எனலாம். மின்முலாம் பூசும் தொட்டியே அதன் இருப்பிடம். மிதிவண்டியின் சக்கர வளையம், கைப்பிடி, ஊர்தி உதிரிகள் ஆகியவற்றுக்கு நிக்கலும் குரோமியமும் பூசும் பட்டறைகள் மேற்குப் புறநகர்த் தொழிலோடு இணைந்தே வளர்ந்தன. அங்கே தேவைப்படும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஆறு வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும் போதும். மின்னோட்டமோ நூற்றுக்கணக்கான ஆம்பியர், சில தொட்டிகளில் ஆயிரத்துக்கும் மேல். எவ்வளவு உலோகம் படியும் என்பதை வோல்ட் தீர்மானிப்பதில்லை. ஆம்பியரும் நேரமுமே தீர்மானிக்கின்றன. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் முழுத்திறனில் ஏறத்தாழ 1.095 கிராம் நிக்கல் படியும். நூறு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 110 கிராம். வெள்ளியாயின் ஓர் ஆம்பியர்-மணிக்கு நான்கு கிராமுக்குச் சற்று மேல். இது 1893ஆம் ஆண்டு வரையறையை 3600 நொடியால் பெருக்கிய தொகையேயாகும்.

ஆகவே முலாம் தொட்டியின் அருகில் நிற்கும் தொழிலாளி, ஆம்பியரை எடையாக அறிகிறார். அவருக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் அன்று. படிந்த உலோகத்தின் தடிப்பு. மிகையாக வைத்தால் விளிம்பு கருகும், குறைவாக வைத்தால் பூச்சு மங்கும். பாடநூலில் ஒரு வரியில் கடந்துசெல்லும் பாரடேயின் விதியை அவர் நாள்தோறும் கையாளுகிறார். ஆனால் அவரிடம் உள்ள சொற்கள் ‘பிளேட்டிங்’, ‘ரெக்டிஃபையர்’, ‘ஆம்ஸ்’ என்பனவே. மின்முலாம், திருத்தி, மின்னோட்டம் என்னும் தமிழ்ச்சொற்கள் அவர் படித்த பள்ளி நூலில் இருந்தன. தொட்டிக்கு அருகே வரவில்லை.

புறநகரின் மின்னழுத்தப் படிகள்

அடித்தட்டில் நேர்மின்னழுத்தம். பாடியில் 1961இல் உருவான லூகாசு டி.வி.எசு. ஆலை, ஊர்திகளுக்கான தொடக்க மோட்டாரையும் மின்னாக்கியையும் 12, 24 வோல்ட் அமைப்புகளுக்கெனத் தயாரிக்கிறது. கவச ஊர்திகளின் மின்னமைப்பும் 24 வோல்ட்டை ஒட்டியதே. இத்தொழிலில் வோல்ட் மாறாது, பெயரளவில் நிலையானது. எனவே மின்கலக் கடையில் பேரம் நடப்பது ஆம்பியர்-மணியின் மேல்தான். ‘நூற்றைம்பது ஏ.எச். பேட்டரி’ என்று கேட்பவர், பன்னிரண்டைச் சொல்லாமலே பெருக்கிக்கொள்கிறார். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்பது 1800 வாட்-மணி. மின்கட்டணக் கணக்கில் 1.8 யூனிட். ஒரே வீட்டில் மின்கலத்தின் இருப்பும் கம்பத்திலிருந்து வந்த மின்சாரமும் இருவேறு அலகுகளில் எண்ணப்படுவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் அரியர்.

அடுத்த தட்டு வீட்டுக்கும் சிறுதொழிலுக்கும் உரிய மாறுமின்னழுத்தம். தமிழ்நாட்டின் 2004ஆம் ஆண்டு மின் வழங்கல் விதித்தொகுப்பு, நான்கு கிலோவாட் வரை ஒருமுனை 240 வோல்ட், அதற்கு மேல் 112 கிலோவாட் வரை மும்முனை 415 வோல்ட் என வகுத்தது. 112 என்னும் எண் எங்கிருந்து வந்தது? பதின்மக் கணக்கில் அதற்குப் பொருளில்லை. ஒரு குதிரைத்திறன் 746 வாட்; 150 குதிரைத்திறன் 111.9 கிலோவாட். நீராவிப் பொறிக்காலத்தின் அலகு, மெட்ரிக் சட்டத்துக்குள் எண்ணாக உருமாறிப் பதுங்கியிருக்கிறது. அம்பத்தூரில் ஒரு கடைசல் பட்டறை உரிமையாளருக்கு இவ்வெல்லை வெறும் எண்ணாக இருக்கவில்லை. அதனைத் தாண்டினால் அவர் உயரழுத்த இணைப்புக்கு மாறவேண்டியிருந்தது. தமக்கென மின்மாற்றி வைக்கவேண்டியிருந்தது. கட்டணம் கிலோவோல்ட்-ஆம்பியரில் கணக்கிடப்படும் உச்சத் தேவையையும் சார்ந்துவிட்டது.

அவ்வெல்லையில் வோல்ட்டும் ஆம்பியரும் கொள்ளும் உறவு தெளிவாகப் புலப்படும். 112 கிலோவாட் சுமையை 415 வோல்ட்டில் 0.85 திறன்காரணியில் எடுத்தால் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 183 ஆம்பியர் ஓடும். அதே சுமையை 11,000 வோல்ட்டில் எடுத்தால் ஏழு ஆம்பியருக்கும் குறைவு. கம்பியின் தடிப்பும் வெப்ப இழப்பும் ஆம்பியரைப் பொறுத்தவை. இழப்போ ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மின்னழுத்தத்தை உயர்த்துவதன் நோக்கம் ஓட்டத்தைத் தாழ்த்துவதே. கொரட்டூரில் 230 கிலோவோல்ட் துணை மின் நிலையம் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

தொடர்வண்டியில் இவ்வுண்மை வரலாறாகவே நிகழ்ந்தது. 1931இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்பாதை 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்மயமானது. 1957இல் இந்திய இரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தன் செந்தரமாக ஏற்றபின், அப்பாதையும் அறுபதுகளின் இறுதியில் மாற்றப்பட்டது. ஆவடி வழியாகச் செல்லும் சென்னை சென்ட்ரல்–திருவள்ளூர் அகலப்பாதை 1979இல் மின்மயமானபோது நேரே 25 கிலோவோல்ட்டிலேயே தொடங்கியது. ஆயிரம் கிலோவாட் திறனை 1500 வோல்ட்டில் பெற ஏறத்தாழ 667 ஆம்பியர் தேவை; 25,000 வோல்ட்டில், திறன்காரணியைப் புறக்கணித்தால், 40 ஆம்பியர் போதும். மேற்குப் பாதை தென்பாதைக்கு அரை நூற்றாண்டு பிந்தியது. அப்பிந்துதலே அதனை இடைக்கட்ட மாற்றத்தின் செலவிலிருந்து விடுவித்தது. பூந்தமல்லிவரை நீளும் மெட்ரோ வழித்தடமும் அதே 25 கிலோவோல்ட் வகையைச் சேர்ந்தது.

வகரத்தின் தடை

இவ்வளவு பரவலாக வழங்கும் வோல்ட் என்னும் சொல் தமிழ் எழுத்திலக்கணப்படி எழுதத் தகாத சொல். தொல்காப்பியம் மொழி முதலில் வகரம் உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரோடு வாராது என்கிறது. நன்னூலும் அவ்வாறே கொள்கிறது. ஆகவே ‘வோ’ சொல்லின் முதலில் நிற்கலாகாது. இடையில் லகரத்தை அடுத்து டகரம் மயங்காது. இறுதியில் வல்லின ஒற்று நில்லாது. மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லில் முதல், இடை, கடை மூன்றிலும் விதி முறிகிறது. இதற்கு நேர்மாறாக ஆம்பியர் என்னும் சொல் முற்றும் தமிழ் ஒலியமைப்புக்கு இசைந்தது. ஆகாரம் முதலாகலாம், மகரமும் பகரமும் மயங்கும், ரகரம் ஈறாகலாம். அயற்சொல் என்று சொல்லாவிட்டால் செந்தமிழ்ப் பெயர் எனவே கொள்ளலாம். ஓம் என்னும் மூன்றாம் அலகோ தமிழில் வேறொரு பொருளோடு முன்பே வீற்றிருந்தது. செருமானிய இயற்பியலர் ஒருவரின் பெயரைப் படிக்கும் மாணவருக்கு அது பிரணவமாகத் தோன்றுவதைத் தவிர்க்க இயலாது.

இச்சிக்கலை ஈழத்தமிழ்க் கலைச்சொல் மரபு நேராக எதிர்கொண்டது. அங்கு வோல்ட், ‘உவோற்று’ ஆயிற்று. முதலில் உகரம் சேர்ந்ததால் வகரம் இடைக்குச் சென்று விதிக்கு உட்பட்டது. லகரமும் அயல் டகரமும் சேர்ந்து றகர இரட்டையாயின. இது இலக்கணத்துக்குப் புறம்பான கூட்டலன்று. கல் என்பதோடு தூண் சேருங்கால் கற்றூண் ஆவதைப் போன்ற புணர்ச்சியை ஒத்தது. ஈற்றில் குற்றியலுகரம் வந்தது. வாட் ‘உவாற்று’ எனவும், வோல்ட்டளவி ‘உவோற்றுமானி’ எனவும் அமைந்தன. பின்வந்த இலங்கைப் பாடநூல்களில் ‘வோல்ற்று’ என்னும் இடைநிலை வடிவமும் காணப்படுகிறது.

தமிழ்நாடு இவ்வடிவத்தை ஏற்கவில்லை. அதற்குப் பற்றின்மையையோ சோம்பலையோ காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஒலிப்பே முதன்மைக் காரணம் எனத் தோன்றுகிறது. யாழ்ப்பாண வழக்கில் றகர இரட்டை ஆங்கில டகரத்துக்கு நெருங்கிய நுனிநா ஒலியாக ஒலிக்கும்; ஆகவே உவோற்று என்று எழுதியதைப் படிக்கும்போது மூலச்சொல் செவிக்குப் புலனாகும். சென்னையில் அதே எழுத்துகள் ‘காற்று’, ‘நேற்று’ என்பவற்றில் வருவதுபோல் ரகரச் சாயலோடு ஒலிக்கும். அம்பத்தூரில் ஒரு மாணவர் உவோற்று என்று படித்தால், அளவியின் முகப்பில் உள்ள அலகை அச்சொல் நினைவூட்டாது. ஒரே எழுத்து வடிவம், கடலின் ஒரு கரையில் பொருத்தமாகவும் மறுகரையில் தடையாகவும் அமைந்தது.

சுருக்க வடிவங்களிலும் இதே நிலை. பன்னாட்டு முறை அலகின் குறியீட்டை உரோம எழுத்தில் நிறுத்துகிறது. அறிஞர் பெயரால் வந்த அலகின் குறியீடு பெரிய எழுத்தில் அமையவேண்டும் என்பது அதன் விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு தமிழில் இல்லை. மின்வாரியப் பெயர்ப்பலகைகள் ‘110 கி.வோ. துணை மின் நிலையம்’ என எழுத, செய்தித்தாள்கள் ‘110 கே.வி.’ என எழுதுகின்றன. முன்னது சொல்லின் சுருக்கம், பின்னது உரோமக் குறியீட்டின் ஒலிபெயர்ப்பு. பள்ளி நூல் இரண்டையும் விட்டு உரோம எழுத்தையே அச்சிடுகிறது. மூன்று மரபுகளும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

அழுத்தமும் தடையும்

அலகின் பெயரைவிட, அளக்கப்படும் பொருளின் பெயரே அதிகச் சிக்கலுக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியப் பொறியாளர் மின்னழுத்தத்தை ‘மின் பிரஷர்’ என்னும் பொருளிலேயே வழங்கினர். நீர்க்குழாயின் ஒப்புமை அவர்களுக்கு இயல்பாக வந்தது. ‘மின்னழுத்தம்’ என்னும் தமிழ்ச்சொல் அந்தப் பொறியாளர் வழக்கோடு பொருந்துகிறது. இயற்பியலர் கூறும் நிலையாற்றல் கருத்தோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இலங்கையில் நீர்மத்தின் அழுத்தம் ‘அமுக்கம்’ எனப்பட, ‘அழுத்தம்’ மின்னுக்கென விடப்பட்டது. தமிழ்நாட்டில் அழுத்தம் இரண்டுக்கும் உரியதாயிற்று.

இதன் விளைவு ஒரு நுட்பமான மயக்கம். ஒரு புள்ளியின் மின்னழுத்தம் வேறு. இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு வேறு. வோல்ட்டளவி அளப்பது பின்னதையே. பதினோராயிரம் வோல்ட் கம்பியில் அமரும் காக்கைக்குத் தீங்கு நேராமைக்குக் காரணம், அதன் இரு கால்களும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதாகும். அக்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே பாலமாகும் மனிதருக்கு அவ்வேறுபாடு முழுவதும் கிட்டுகிறது. ‘வேறுபாடு’ என்னும் சொல்லைப் பேச்சு விட்டுவிடுவதால், அழுத்தம் கம்பிக்குள்ளேயே அடைபட்ட ஒரு பொருள்போலக் கருதப்படுகிறது.

மின்தடை என்னும் சொல்லின் நிலை இன்னும் வியப்புக்குரியது. பாடநூலில் அது ஓம் அலகால் அளக்கப்படும் பண்பு. செய்தித்தாளில் அது மின்சாரம் நிறுத்தப்படும் நேரம். பராமரிப்புப் பணிக்காக ‘நாளைய மின்தடை’ என்னும் தலைப்பில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருப்பெயர்களை நாளிதழ்கள் வரிசைப்படுத்துகின்றன. தடை மிகுந்தால் ஓட்டம் குறையும் என்னும் ஓமின் விதியை அப்பட்டியலோடு சேர்த்துப் படித்தால் ஒருவகையில் உண்மையும் புலப்படும். தடை எல்லையற்றதாகும்போது ஓட்டம் சுழியாகும். எனினும் ஒரு கலைச்சொல்லுக்கு இரு பொருள் நேர்ந்தால் நாளும் கேட்கும் பொருளே வெல்லும். இங்கும் அதுவே நிகழ்ந்துள்ளது. மின்வெட்டு என்னும் சொல் கைவசம் இருந்தும் அறிவிப்புகள் மின்தடையையே நாடுகின்றன.

கரண்ட், ஆம்ஸ், யூனிட்

மக்கள் வழக்கில் ‘கரண்ட்’ என்பது மின்னோட்டம் மட்டுமன்று. கரண்ட் கம்பம், கரண்ட் பில், கரண்ட் ஆபீஸ், கரண்ட் கட் என்னும் தொடர்களில் அது முறையே கட்டமைப்பையும் ஆற்றலையும் நிறுவனத்தையும் வழங்கலையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ஓட்டத்தை மட்டும் குறிக்கும் சொல், தமிழில் மின்சாரம் என்னும் முழுமையைக் குறிக்கும் சொல்லாக விரிந்தது. விரிந்ததனால் ஓட்டத்துக்குத் தனிப்பெயர் இல்லாமற்போயிற்று. அவ்விடத்தை நிரப்புவதே ‘ஆம்ஸ்’. ‘பதினைந்து ஆம்ஸ் பிளக்’, ‘முப்பத்திரண்டு ஆம்ஸ் எம்.சி.பி.’ என்பவற்றில் அலகின் ஆங்கிலச் சுருக்கமும் பன்மை ஈறும் சேர்ந்து ஒரு தமிழ்ப் பெயரடையாகிவிட்டன. பிரித்தானியச் செந்தரத்திலிருந்து வந்த 5, 15 ஆம்பியர்ச் செருகிகளை இந்தியச் செந்தரம் பின்னர் 6, 16 என மாற்றிய பிறகும், கடைக்காரரின் வாயில் பழைய எண்களே நிற்கின்றன.

வோல்ட்டுக்கு இத்தகைய இடம் வாய்த்தது குறைபாட்டின் வழியாக. ‘லோ வோல்டேஜ்’ என்பது கோடைமாலைகளில் எழும் முறையீடு. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், தாழ்வழுத்த வழங்கலில் அறிவித்த மின்னழுத்தத்திலிருந்து ஆறு விழுக்காட்டுக்கு மேல் விலகலாகாது என்றன. 240 வோல்ட்டுக்கு இது 225.6க்கும் 254.4க்கும் இடைப்பட்ட எல்லை. வீட்டிலுள்ள நிலைப்படுத்தியின் முகப்பு முள்ளே, மக்கள் இவ்வெல்லையை நேரில் கண்ட கருவி. பாடநூலைவிட அம்முள் பலருக்கு வோல்ட்டைக் கற்பித்தது எனலாம்.

யூனிட் என்னும் சொல்லின் மரபு நீண்டது. 1882ஆம் ஆண்டு மின்விளக்குச் சட்டத்தை ஒட்டிப் பிரித்தானிய வணிக வாரியம், ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஆயிரம் ஆம்பியர்-மணிக்குச் சமமான ஆற்றலை விற்பனையின் அலகாகக் கொண்டது. வணிக வாரிய அலகு என நின்ற அப்பெயர், வாரியத்தை இழந்து வெறும் யூனிட்டாகச் சென்னைக்கு வந்தது. கிலோவாட்-மணி என்று சட்டம் கூறினாலும் மின்கட்டண அட்டை அலகு எனவும், மக்கள் யூனிட் எனவும் வழங்குகின்றனர். வோல்ட்டும் ஆம்பியரும் நேரமும் ஒருங்கே பெருகிய இவ்வளவையே இல்லத்தார் பணமாகச் செலுத்துகின்றனர். ஆனால் அச்சொல்லுக்குள் அம்மூன்றும் இருப்பது தெரிவதில்லை.

அபாயப் பலகை

1956ஆம் ஆண்டு விதிகளின் 35ஆம் விதி, நடுத்தர அழுத்தத்துக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் உரிய மின்னமைப்புகளில் மண்டையோடும் எலும்பும் பொறித்த எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்றது. அதில் ஆங்கிலமோ இந்தியோ மட்டும் போதாது. அவ்வட்டாரத்தின் மொழியும் இடம்பெற வேண்டும். மின்னளவு அலகு ஒன்று சட்டத்தின் வலியால் தெருவில் தமிழில் எழுதப்பட்ட இடம் இதுவே. மின்மாற்றிக் கம்பத்திலும் ஆலைச் சுவரிலும் ‘அபாயம் 440 வோல்ட்ஸ்’, ‘அபாயம் 11000 வோல்ட்ஸ்’ என்று அது நிற்கிறது. வழங்கல் விதி 415 எனக் கூறினாலும் பலகையில் 440 என்னும் பழைய எண்ணே நிலைத்தது. வோ என்னும் மொழிமுதல் ஆகா எழுத்தை, எழுத்தறியத் தொடங்கும் குழந்தை பல தெருக்களில் இப்பலகையில்தான் முதலில் காண்கிறது.

பலகை சொல்வது வோல்ட்டை. உடலைத் தாக்குவது ஆம்பியர். வீட்டு மின்காப்பாகப் பொருத்தப்படும் கசிவுத் துண்டிப்பான் 30 மில்லிஆம்பியரில் இயங்குமாறு அமைகிறது. அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு. நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் எனக் கொண்டால், 240 வோல்ட்டில் 240 மில்லிஆம்பியர் ஓடும். அது துண்டிப்பான் எல்லையின் எட்டு மடங்கு. உலர்ந்த தோலின் தடை பல மடங்கு மிகுதி. ஆகவே வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் தெருவில், அபாயப் பலகை தேவையற்றது என விதி விட்டுவிட்ட 240 வோல்ட்டும் 440 என்று எழுதியதற்கு இணையாகக் கொல்லவல்லது. இதனை விளக்கும் சொல் தடை. அச்சொல்லோ மின் நிறுத்த அறிவிப்பின் பொருளில் பழகிவிட்டது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் இச்சொற்சிக்கல் நடைமுறை வினாவாகிறது. மின்பணியாளர் பிரிவுக்கு வரும் மாணவர் பத்தாம் வகுப்பில் மின்னழுத்த வேறுபாடு, மின்னோட்டம், மின்தடை என்று தமிழில் படித்தவர். பயிற்சிக்கூடத்தில் அவர் கேட்பது வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ். வேலைக்குச் சென்றபின் கேட்பது லோடு, பேஸ், ஆம்ஸ். மூன்று சொற்றொகுதிகளும் ஒரே பொருள்களைச் சுட்டுகின்றன என்பதை எந்நூலும் அவருக்கு ஒரே பக்கத்தில் காட்டுவதில்லை. கலைச்சொல் தொகுப்புகள் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச்சொல்லைத் தருகின்றன. ‘ஆம்ஸ்’, ‘யூனிட்’, ‘கரண்ட்’ என்னும் தமிழ்ப் பேச்சுச்சொற்களுக்கு நேரே கலைச்சொல்லைத் தருவதில்லை. பட்டறை வழக்கைத் தலைச்சொல்லாகக் கொண்டு பாடநூல் வழக்குக்கு இட்டுச்செல்லும் அகராதி, நெசவுக்கோ கடல்தொழிலுக்கோ வட்டார வழக்கு அகராதிகள் தொகுக்கப்படும் முறையிலேயே மின்தொழிலுக்கும் தொகுக்கத்தக்கது. அதற்கான சொற்கள் அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் ஆவடிப் பணிமனைகளிலும் ஏற்கெனவே வழங்குகின்றன.